சுவரைக் கும்பிட்டவன்

ஆவணிச் சதுர்த்தியன்று வீரகத்தி பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடவில்லை. தலையில் குட்டிக்கொள்ளவும் இல்லை. கற்பூரம் காட்டியபோது, கண்டாவளைப் பக்கத்து அரசாங்கக் குடியேற்றத்தில் இருந்த நாற்பது குடும்பமும் கைகளைத் தலைக்கு மேலே தூக்கி உருகிக்கொண்டிருக்க, அவன் மட்டும் சால்வையை வலது தோளின்மேல் இழுத்து மூடியபடி பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நின்றான். உள்ளே ஒரு பிள்ளையார், வெளியே ஒரு பிள்ளையார் என்று பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

அவன் மனைவி நாகேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. வருடாவருடம் முதல் தேங்காயை அடிக்கிறவன் அவளுடைய புருசன். அவன் அடித்தால் சில்லுகள் வாய்க்கால் கரைவரை போய் விழும். இந்த முறை தேங்காயை நீட்டியவனிடம் "நீ அடி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

கோயில் சாவி மயில்வாகனத்தின் மடியில் இருந்தது. பக்கத்து வயல்காரர். ஐந்து வருடத்துக்கு முன் அளவெட்டியிலிருந்து ஒரே லொறியில் வந்து இறங்கி, வீரகத்தியோடு தோளோடு தோள் நின்று காடு வெட்டியவர். நல்ல மனிதர்தான். ஆனால் பிள்ளையார் விசயத்தில் மூக்கு நுனியில் கோபம். அவர் வீரகத்தியை ஒரு தரம் மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, விபூதித் தட்டை அவனுக்கு நீட்டாமலே அடுத்த ஆளிடம் போனார்.

உண்மை என்னவென்றால், வீரகத்தியால் கையைத் தூக்க முடியாது. அதை ஊருக்குச் சொல்லவும் கூடாதென்று அவன் பெண்சாதியிடம் சத்தியம் வாங்கியிருந்தான். ஆண்பிள்ளைகள் பெண்சாதியிடம் வாங்குகிற சத்தியங்களில் பாதி இப்படி ஒரு பிரயோசனமும் இல்லாதவைதான்.

மாசியில் அரிவு வெட்டு முடிந்த கையோடு அவனுக்கு ஒரு கிழமை காய்ச்சல் அடித்தது. கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடித்தான், போய்விட்டது. இரண்டு கிழமை கழித்து ஒரு விடியற்காலையில் வலது தோளில் நோ தொடங்கியது. தோளுக்குள் கொள்ளிக்கட்டையை வைத்து ஊதுகிற மாதிரி என்றான். காலில் ஏறிய காரைமுள்ளைத் தானே கத்தியால் கிண்டி எடுக்கிற ஆள், பத்து நாள் படுக்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் முற்றத்தில் நடந்து அழுதான்.

ஊரார் கூட்டிப்போன எலும்பு முறிவுக்குக் கட்டுகிற பரியாரி, "மூட்டு இறங்கிப்போச்சு" என்று சொல்லி இழுத்தார். இழுத்த இழுவையில் வீரகத்தியின் சத்தம் அடுத்த வாய்க்காலுக்குக் கேட்டது. பிறகு உளுத்தமாவும் முட்டை வெள்ளைக்கருவும் பூசி, மூங்கில் பத்தை வைத்து, கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார். நாற்பது நாள் அசைக்கக்கூடாது என்றார். நோ மெல்ல மெல்லத் தானாகவே குறைந்தது. நல்ல பேர் கட்டுக்குப் போனது. அவரைக் குறை சொல்லி என்ன, தெரிந்ததைத்தான் அவர் செய்தார்.

கட்டை அவிழ்த்தபோதுதான் நாகேஸ்வரி கண்டாள். விரல்கள் வேலை செய்தன. வெற்றிலை மடிப்பான், தேத்தண்ணிக் கோப்பை பிடிப்பான். ஆனால் மேற்கை தோளிலிருந்து முருங்கைக்காய் மாதிரித் தொங்கியது. "வயல்லை கல் இடறி விழுந்த உளுக்கு, இப்ப சுகம்" என்று ஊருக்குச் சொல்லிவிட்டுச் சால்வையைப் போர்த்திக்கொண்டான். அவனுக்கு முதுகில் எண்ணெய் தேய்க்கும்போது தோளின் சதை வற்றிக் குழி விழுந்திருப்பதையும், தோள்பட்டை எலும்பு பிதுங்கிக்கொண்டு நிற்பதையும் அவள் விரல்கள் கண்டன. இன்னொன்றையும் கண்டன. மேற்கையின் வெளிப்புறத்தில் உள்ளங்கையளவு இடத்தில் நுள்ளினால் அவனுக்குத் தெரியவில்லை.

நுள்ளினால் தெரியாத தோல் என்றால் என்ன நோய் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். குட்டநோய் என்ற சொல்லை அவள் வாயால் சொல்லவில்லை. "யாழ்ப்பாணத்துக்குப் போவம்" என்று மட்டும் சொன்னாள். தங்கைக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதென்று ஊருக்கு ஒரு பொய்யை விட்டுவிட்டு இருவரும் பஸ் ஏறினார்கள்.

மிசன் ஆஸ்பத்திரியில் இருந்த டொக்டர் அம்மா நாற்பது வயதுக்காரி, சீமையில் படித்துவிட்டு வந்தவர். அவர் கையைத் தொடுவதற்கு முன்பு கதையைக் கேட்டார்.

"நோவுக்கு முதல் காய்ச்சல் வந்ததோ?"

"ஓம் டொக்டர். ஒரு கிழமை" என்றான் வீரகத்தி.

"நோ குறையக் குறையத்தான் கை சோர்ந்ததோ? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

வீரகத்தி பெண்சாதியைப் பார்த்தான். நாகேஸ்வரிதான் பதில் சொன்னாள். "ஓம் டொக்டர். நோ நிக்கேக்கை கை அசைஞ்சது. நோ போக, கையும் போச்சு."

டொக்டர் அம்மா தலையை ஆட்டினார். முகத்தைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், காலைத் தட்டிப் பார்த்தார். ஒரு குண்டூசியாலும் பஞ்சாலும் தோளெல்லாம் தொட்டுத் தொட்டுக் கேட்டார். பிறகு மேற்சட்டையைக் கழற்றி, இரண்டு உள்ளங்கைகளையும் இடுப்பு உயரத்தில் சுவரில் வைத்துத் தள்ளச் சொன்னார். வீரகத்தி தள்ளினான். இடது தோள்பட்டை இருந்த இடத்தில் இருந்தது. வலது தோள்பட்டை எலும்பு முதுகைவிட்டுக் கோழிச்சிறகு மாதிரி எழும்பி நின்றது.

"பிள்ளை, இஞ்சை வந்து பாருங்கோ" என்றார் டொக்டர் அம்மா. அவர் குரலில் ஒரு சந்தோசம் இருந்தது. புதுமையாக இருந்தாலும், இன்னதென்று பிடிபட்டுவிட்ட சந்தோசம். "இது மூட்டு விலகினதில்லை. வாதமும் இல்லை. கழுத்திலையிருந்து தோளுக்கு ஒரு நரம்புக் கூட்டம் வருது. காய்ச்சல் போன கையோடை அந்த நரம்புகள் அழன்று வீங்கியிருக்கு. அதுதான் அந்த நோ. பிறகு நரம்பு சோர, அது வேலை வாங்கின சதையும் வத்திப்போச்சு. உலகச் சண்டைக் காலத்திலை பட்டாளத்துக்காரருக்கு இப்பிடிக் கனபேருக்கு வந்தது. இஞ்சை நான் காணுறது இது ரெண்டாவது."

நாகேஸ்வரி வாசலைப் பார்த்தாள். புருசனைப் பார்த்தாள். அடக்கி வைத்ததைக் கேட்டே விட்டாள். "டொக்டர், அந்த மரத்த இடம்... அது மற்ற வருத்தமோ?"

டொக்டர் அம்மாவுக்கு விளங்கியது. சிரிக்கவில்லை. அவன் முழங்கையின் பின்பக்க நரம்பை விரலால் உருட்டிப் பார்த்தார். தோலை வெளிச்சத்துக்குத் திருப்பினார். "இல்லைப் பிள்ளை. நிறம் மாறயில்லை, நரம்பு தடிக்கயில்லை. அது இல்லை. அந்த இடத்துக்கு வாற நரம்பும் இதுக்குள்ளை அம்பிட்டுப்போச்சு, அவ்வளவுதான்."

நாகேஸ்வரி அங்கேயே நின்று அழுதாள். வீரகத்திக்கு எதற்கு அழுகிறாள் என்றே தெரியாது. மூன்று கிழமையாக அவள் தனியாகச் சுமந்த பயம் அது.

"மருந்து?" என்றான் அவன்.

"பெரிய மருந்து இல்லை. பொய் சொல்லமாட்டன். நோ நிண்ட நேரம் வந்திருந்தால் நோவுக்குத் தந்திருப்பன். நரம்பு தன்ரை பாட்டிலை திரும்ப வளரும். ஒரு வருசம், ரெண்டு வருசம் செல்லும். கனபேருக்குக் கை திரும்பி வரும். ஆனால் அதுவரைக்கும் மூட்டு இறுகப்படாது. கட்டி வச்சதாலை இப்பவே பாதி இறுகிப்போச்சு. இனி ஒருதரும் இழுக்கவும் வேண்டாம், கட்டவும் வேண்டாம். பாரம் தூக்க வேண்டாம். நாளாந்தம் சுவர்ப் பயிற்சி செய்ய வேணும்."

பயிற்சியை அவரே காட்டினார். சுவரில் விரல்களால் படிப்படியாக மேலே ஏற வேண்டும். ஏறிய உயரத்தில் ஒரு கோடு போட்டுவைத்து, அடுத்த நாள் அதைத் தாண்டப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு மட்டையில் எழுதிக் கொடுத்தார். மட்டையின் தலைப்பில் ஆஸ்பத்திரியின் சிலுவை அச்சடித்திருந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் வீரகத்தி சத்தியம் வாங்கினான். "ரெண்டு வருசம் எண்டது ஒருதருக்கும் தெரியக்கூடாது. கொலனிக் காணி, செய்யிறவனுக்குத்தான். போன வருசம் மேல்வாய்க்கால்லை ஒருத்தன்ரை காணிப் பெர்மிற்றை வெட்டினவங்கள், தெரியுமெல்லே? கை ஏலாதவனுக்கு ஆர் காணி விடுவான்?" மேல்வாய்க்கால்காரன் காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுப் பருத்தித்துறையில் கடை நடத்தியவன் என்பதை இவன் யோசிக்கவில்லை. பயந்தவனுக்குக் கண்டதெல்லாம் பேய். மூன்று ஏக்கர் வயலும் இரண்டு ஏக்கர் மேடும் போனால் அளவெட்டிக்குத் திரும்பிப் போய் அண்ணன் வீட்டுக் கோடியில் கிடக்க வேண்டும். நாகேஸ்வரியும் பயந்துதான் சத்தியம் பண்ணினாள்.

அன்றிலிருந்து விடிய எழும்பினால் பயிற்சி. வீட்டின் வெளிச்சுவரில் அவள் கரியால் நேராக ஒரு கோடு கீறிவிட்டாள். அவன் அதன் வழியே விரல்களால் ஏறுவான். ஏறிய இடத்தில் அவள் பழையதை அழித்துவிட்டுக் குறுக்கே ஒரு கோடு போடுவாள். பிறகு இரண்டு கைகளையும் சுவரில் வைத்து, தலையைக் குனிந்து, கண்ணை மூடிப் பல்லைக் கடித்துத் தள்ளுவான். அவள் பின்னால் நின்று அவனுடைய தோள்பட்டையை உள்ளங்கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில் எண்ணுவாள்.

கிடுகு வேலி நல்ல பொருள்தான், ஓட்டை விழும்வரைக்கும். மயில்வாகனத்தின் மனைவி இராசேஸ்வரி ஒருநாள் விறகு பொறுக்கிக்கொண்டு அந்த வேலியோடு வந்தவள், ஓட்டைக்குள் கண்ணை வைத்தாள். சுவரில் கறுப்பாக ஒரு நெடுங்கோடு, மேலே ஒரு குறுக்குக்கோடு. அதற்கு முன்னால் தலையைக் குனிந்து கண்ணை மூடி நிற்கிற வீரகத்தி. பின்னால் அவன் முதுகில் கை வைத்து ஏதோ முணுமுணுக்கிற நாகேஸ்வரி. பக்கத்து ஓலைச் செத்தையில் செருகியிருந்த மட்டையில் ஒரு சிலுவை. போய்வந்தது மிசன் ஆஸ்பத்திரி என்பது பஸ்காரன் சொல்லி ஏற்கனவே ஊருக்குத் தெரியும். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? வீரகத்தி குடும்பம் கிறிஸ்து வேதத்துக்கு மாறிவிட்டது என்று பின்னேரத்துக்குள் நாற்பது வீட்டுக்கும் செய்தி போய்விட்டது. பிறகு சதுர்த்தியன்று அவன் தோப்புக்கரணம் போடாமல் நின்றானே, அத்தோடு ஐயமும் தீர்ந்தது.

நாகேஸ்வரிக்கு இது எதுவும் தெரியாது. புரட்டாசி பிறந்து, புழுதி உழவு தொடங்கப்போகிற கிழமையில்தான் தெரிந்தது. அந்த வாய்க்காலில் பன்னிரண்டு வயல்காரரும் கூட்டாகத்தான் உழுவார்கள். இன்று உன் வயல், நாளை என் வயல். தொடங்கும் நாளில் வரம்பில் பிள்ளையார் பிடித்து வைத்துத் தேங்காய் உடைப்பார்கள். எப்போது தொடங்குகிறது என்று கேட்கப் போனவளிடம் மயில்வாகனம் முகம் கொடுக்காமல் சொன்னார்:

"நீங்கள் உங்கடை ஆக்களோடை செய்யுங்கோ, தங்கச்சி."

"எங்கடை ஆக்கள் ஆரண்ணை?"

அவர் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். கிணற்றடியில் இராசேஸ்வரியை மறித்துத்தான் மிச்சத்தை அறிந்தாள். கேட்டதும் முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு வாளியை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

"இஞ்சாருங்கோ, உங்களை வேதக்காரன் எண்டு கதைக்கினமாம். நான் போய் உள்ளதைச் சொல்லப்போறன்."

வீரகத்தி அசையவில்லை. "கதைக்கட்டும். வேதக்காரனுக்கும் பெர்மிற் குடுப்பினம். கை ஏலாதவனுக்குக் குடாயினம்."

"உழுறது ஆர்?"

"நான் உழுவன்."

அடுத்த நாள் உழவே பார்த்தான். இடது கையால் மேழியைப் பிடித்தான். அவள் முன்னால் மாட்டைப் பிடித்தாள். கலப்பை ஓரிடத்தில் ஆழப் புதைந்தது, ஓரிடத்தில் மண்ணைச் சுரண்டிக்கொண்டு ஓடியது. மத்தியானத்துக்குள் மாடும் களைத்து, அவனும் களைத்து, ஒரு மூலை கிண்டினது பாதி கிண்டாதது பாதியாகக் கிடந்தது. பக்கத்து வயலில் பதினொரு பேர் சேர்ந்து பாட்டும் சிரிப்புமாக உழுதுகொண்டிருந்தார்கள். ஐப்பசி மழைக்கு இன்னும் மூன்று கிழமை. விதைப்பைப் பார்வையிடக் குடியேற்ற உத்தியோகத்தர் வருகிற நாளும் அதற்குள்தான். வீரகத்தி வரம்பில் குந்தி, வற்றிப்போன தோளை மற்றக் கையால் பொத்திக்கொண்டிருந்தான்.

நாகேஸ்வரிக்கு அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, நாலு வார்த்தை ஏசவேண்டும் போலவும் இருந்தது. சத்தியத்தைக் காப்பாற்றினால் காணி போகும். அன்று பின்னேரமே மயில்வாகனத்தின் படலையடியில் போய் நின்றாள்.

"அண்ணை, நாளைக்கு விடிய வாங்கோ. அவர் கும்பிடுறதை ஓட்டைக்குள்ளாலை பாக்காமல் நேரை வந்து பாருங்கோ."

மயில்வாகனம் வந்தார். நெற்றி நிறைய விபூதியைப் பூசிக்கொண்டு, சண்டைக்குத் தயாராக வந்தார். வீரகத்தி சுவரில் இரண்டு கைகளையும் வைத்து நின்றவன், அவரைக் கண்டதும் சால்வையை எட்டினான். நாகேஸ்வரி அதைப் பறித்துத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டாள்.

"தள்ளுங்கோ" என்றாள் புருசனிடம். "அண்ணை, உங்கடை கையை இதிலை வையுங்கோ."

மயில்வாகனத்தின் கைக்கடியில் எலும்பு துள்ளி எழும்பியது. அவர் சுட்டுவிட்டதுபோலக் கையை எடுத்தார். மெல்லத் திரும்பவும் வைத்தார். குழி விழுந்த தோளைத் தடவினார். காடு வெட்டிய நாளில் முதிரை மரக் குற்றியின் மறுமுனையைத் தாங்கிய தோள் அது என்று அவருக்குத் தெரியாதா?

"எப்பவிருந்து?"

"பங்குனி" என்றாள் நாகேஸ்வரி. நோவையும், கட்டையும், டொக்டர் அம்மா சொன்னதையும், கோடுகள் எதற்கென்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். மயில்வாகனம் நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு வந்ததே கோபம்!

"எட விசரா! உனக்குக் கை இல்லையெண்டால் எனக்கு ரெண்டு கை இருக்கடா! ஏழு மாசம்! என்னட்டைச் சொல்ல உனக்கு வாயும் விளங்காமப் போச்சோ?" கத்திக்கொண்டே அழுதார். "அந்தச் சனியன் பிடிச்ச வேலி ஓட்டை..." என்று வேலியையும் ஏசினார். ஏசவேண்டிய ஆளை ஏச வீட்டுக்குப் போகவேண்டும் அல்லவா?

வீரகத்தி பெண்சாதியோடு இரண்டு நாள் முகம் பார்த்துக் கதைக்கவில்லை. அவள் அதைச் சட்டை செய்யவில்லை. மூன்றாம் நாள் பதினொரு சோடி மாடு அவர்களுடைய வயலில் இறங்கியது. நாலு நாளில் மூன்று ஏக்கரும் புழுதியாகிப் பொரிமா போலக் கிடந்தது. விதைக்கிற வேலையை நாகேஸ்வரி எடுத்துக்கொண்டாள். பெண்பிள்ளை விதைக்கிறதோ என்று இரண்டொருவர் இழுத்தபோது, "நெல்லுக்குத் தெரியுமோ ஆர் எறிஞ்சதெண்டு?" என்று மயில்வாகனமே வாயை அடைத்தார்.

அவள் விதைநெல் கடகத்தை இடுப்பில் வைத்து விதைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஜீப் வந்து நின்றது.

உத்தியோகத்தர் வரம்பில் நின்று வயலைப் பார்த்தார், கடகத்தோடு நின்றவளைப் பார்த்தார், கையில் ஒன்றும் இல்லாமல் நின்ற வீரகத்தியைப் பார்த்தார். "வீரகத்தி, உம்முடைய வயலிலை நீர் என்ன செய்யிறீர்?"

மயில்வாகனம் முந்திக்கொண்டார். "ஐயா, அவருக்கு நேற்றுக் கையிலை ஒரு கொப்புளம்..."

"இல்லை ஐயா" என்றான் வீரகத்தி.

நாகேஸ்வரியின் கையில் நெல் அப்படியே நின்றது. அவன் சால்வையை எடுத்துவிட்டு, மாதக்கணக்காக மறைத்த தோளைத் திருப்பிக் காட்டினான். "இந்தக் கை இப்ப தூக்காது. நரம்பிலை வந்த வருத்தம். ரெண்டு வருசத்துக்குள்ளை வருமெண்டு டொக்டர் அம்மா சொன்னவா. உழுதது இவை. விதைக்கிறது என்ரை பெண்சாதி. நான் செய்யயில்லை. பெர்மிற்றை வெட்டுறதெண்டால் வெட்டுங்கோ, பொய் சொல்லி வச்சிருக்க எனக்கு ஏலாது." மடியிலிருந்து மட்டையை எடுத்து நீட்டினான்.

உத்தியோகத்தர் மட்டையின் இரண்டு பக்கத்தையும் வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஆர் உமக்குச் சொன்னது வெட்டுவமெண்டு? குத்தகைக்கு விட்டால் வெட்டுவம், விட்டிட்டுப் போனால் வெட்டுவம். வருத்தக்காரன்ரை காணியை அவன்ரை வீட்டுக்காரர் செய்யிறதுக்கு என்ன தடை? இதை முதலே வந்து கேட்டிருக்கலாமே!"

மாதக்கணக்கான பயம் இப்படி ஒரு கேள்வியில் போய்விட்டது. வீரகத்தி ஆந்தை மாதிரி விழித்துக்கொண்டு நின்றான். உத்தியோகத்தர் புத்தகத்தை விரித்து, "வயலைச் செய்யிறவரின்ரை பேர்?" என்று நாகேஸ்வரியைப் பார்த்துக் கேட்டார்.

"வீரகத்தி நாகேஸ்வரி" என்றாள். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. அவர் எழுதினார். அவள் பெயரைக் காணிப் புத்தகத்தில் யாரும் எழுதியது இதுதான் முதல் தரம். எழுத்து முடியும்வரை அவள் அந்தப் பேனையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி. உங்கடை எல்லை எதுவரை?"

"அந்தா ஐயா, அந்த மருதமரம் வரைக்கும். அங்காலை வாய்க்கால்" என்று வீரகத்தி கையை நீட்டிக் காட்டினான்.

நீட்டியது வலது கை. நெஞ்சு மட்டத்துக்கு எழும்பி, இன்னும் கொஞ்சம் எழும்பி, காற்றில் நடுங்கியபடி அங்கேயே நின்றது. அவன் மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை அடி, எந்த எல்லைக் கட்டை என்று உத்தியோகத்தருக்கு விளக்கிக்கொண்டிருந்தான். மயில்வாகனத்தின் வாய் திறந்தது. நாகேஸ்வரி கடகத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். கன்னமெல்லாம் கண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

"சத்தம் போடாதையுங்கோ அண்ணை" என்றாள் மெதுவாக. "தெரிஞ்சால் இறக்கிப்போடுவார்."